ஒன்பதாவது சாவு

வாள் நெஞ்சில் பட்டதும் வின்சன்ட் மணலில் முழங்காலிட்டு, பக்கவாட்டில் சரிந்து செத்துப் போனார். பத்தடி தூரத்தில் நின்ற மகன் அனுஜன் ஓடி வரவில்லை. பென்சிலைக் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆங்கோர்!” என்றான் பிரெஞ்சில். இன்னொரு தடவை.

வின்சன்ட் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இதோடு ஐந்து தடவை செத்தாயிற்று.

லாசால் பகுதியில் மூடிக் கிடந்த பழைய மீன் கிடங்கு ஒன்றில் படப்பிடிப்பு நடந்தது. இருபது மூட்டை மணலைக் கொட்டிவிட்டு அயர்லாந்துக் கடற்கரை என்றார்கள். கடலைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்களாம். வின்சன்ட் போர்த்தியிருந்த கரடித் தோல் யாரோ வீட்டுக் கால்மிதி. தலையை முழுக்க மூடிய இரும்புக் கவசம், போன வாரம் வரை ஸ்பகெட்டி அவித்த பானை.

கதை மட்டும் உண்மையிலேயே பழையது. கிறிஸ்தவம் போய்ச் சேருவதற்கு முந்திய அயர்லாந்தில், ஒரு மாவீரன் முன்பின் தெரியாத இளைஞனைக் கடற்கரையில் வெட்டிக் கொல்வான். பிறகுதான் அது தன் சொந்த மகன் என்று தெரியவரும். இயக்குநர் அனுஜன் அதைத் தலைகீழாக்கியிருந்தான். அவன் படத்தில் மகன் கையால் தகப்பன் சாக வேண்டும்.

அந்தப் பானைக்குள் இருப்பது யாரென்று அவனுக்குத் தெரியாது என்பதுதான் வின்சன்டுக்கு இருந்த ஒரே தைரியம்.

ஏற்பாடு ஜெராட்டுடையது. டோர்வல் விமான நிலையத்தில் வின்சன்டோடு பெட்டி தூக்கியவன், லீவு நாட்களில் இப்படிப்பட்ட படங்களில் கூட்டத்தில் நிற்பவன். “அண்ணை, நாளைக்குச் சாகிறதுக்கு ஒராள் குறையுதாம். மூஞ்சி தெரியாது, கதைக்கவும் தேவையில்லை. உங்கட பெடியன்ரை படம். வாறியளோ?”

வின்சன்ட் உடனே ஓம் என்றார். மகனை நெருங்க அவருக்கு வேறு வழியில்லை. அவருடைய நம்பரை அவன் எப்போதோ தடுத்துவிட்டான்.

தடுக்காமல் என்ன செய்வான்? என்ஜினியரிங் படிப்பை விட்டுவிட்டுப் படமெடுக்கப் போனான் என்பதற்காக, “எனக்கு அவன் செத்துப் போனான்” என்று கோயில் வாசலில் வைத்து எல்லோருக்கும் சொன்ன மனுஷன் இவர். போன வருஷம் மனைவி றெஜினா இறந்தபோது, மரண அறிவித்தலில் ‘அன்புத் தாயார்’ என்ற இடத்தில் மகள் ஜென்சியின் பெயரை மட்டும் போட்டார். லண்டனில் இருக்கிற தூரத்து மச்சான்மார் பெயரெல்லாம் இருந்தது, பெற்ற மகன் பெயர் இல்லை. அனுஜன் பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போனான். அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லக்கூட ஒருவரும் துணியவில்லை.

அந்தக் குற்றம் ஒரு வருஷமாக வின்சன்டைத் தின்றுகொண்டிருந்தது. வருகிற ஞாயிறு றெஜினாவின் ஆண்டுத் திருப்பலி. கரடித் தோலுக்குள், காற்சட்டைப் பையில், புதிதாக அடித்த நினைவு அட்டை ஒன்று வைத்திருந்தார். பிள்ளைகள் என்ற இடத்தில் இந்த முறை அனுஜன் பெயர்தான் முதலில். வேலை முடிந்ததும் அதைக் கையில் கொடுத்து, “மன்னிச்சுக்கொள், ஞாயிறு வா” என்று சொல்ல வேண்டும். அதற்காக எத்தனை தடவையும் சாகலாம்.

காலையில் ஒரு பிழை விட்டிருந்தார். முதல் ஷாட்டுக்கு முன் வாளைக் கையில் கொடுத்ததும், வீட்டில் எதைத் தொடங்குமுன்னும் செய்கிற பழக்கத்தில் கை, பானைக்கு மேலாகவே நெற்றி, வாய், நெஞ்சு என்று பெருவிரலால் மூன்று சிலுவை போட்டுவிட்டது. உடுப்புக்குப் பொறுப்பான பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயா, நீங்கள் நடிக்கிற ஆளுக்கு இன்னும் யேசுவைத் தெரியாது!”

அனுஜன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். தப்பினோம் என்று வின்சன்ட் மூச்சு விட்டார்.

“ஆங்கோர்!”

ஆறு. ஏழு. மணல் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. கேமராக்காரன் ஒரு கையில் பேகல் ரொட்டியும் மறு கையில் காபியுமாக நின்றான். மகனாக நடித்த வெள்ளைக்காரப் பையனுக்கே அலுத்துப்போய், குத்துகள் வரவரத் தடவலாகிவிட்டன.

வின்சன்டுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. ஒரு கணக்கைச் செய்துவிட்டு இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத பிள்ளை, ஒரு சாவுக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறான்! இவனையா உருப்படமாட்டான் என்றேன் என்று பானைக்குள்ளேயே அழுதார்.

ஒன்பதாவது தடவை விழுந்தவரால் எழும்ப முடியவில்லை. அனுஜன் மற்றவர்களுக்கு “மெர்சி” என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, மணலில் நடந்து வந்து அவர் பக்கத்தில் குந்தினான்.

வின்சன்ட் பானையைக் கழற்றினார். மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. அட்டையை எடுத்து நீட்டினார். அனுஜன் பானையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தான். மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்துக்குப் பதிலாக வின்சன்டுக்கு வேறு ஏதோ வாயில் வந்தது.

“தம்பி... நான் சரியா விழாமல் உன்ரை படத்தைப் பழுதாக்கிப் போட்டனோ?”

“முதல் தடவையே ஓகே, அப்பா.”