பின்வரிசை

"பின்வரிசைப் பிள்ளைங்க எல்லாரும் எழுந்து வாங்க. சத்தம் வரக் கூடாது. பையெல்லாம் அங்கேயே போட்டுட்டு வாங்க."

தலைமையாசிரியர் மெதுவாகத்தான் சொன்னார். வாசிப்புத் திட்டத்து அதிகாரியின் கார் பாலத்தைத் தாண்டிவிட்டதாகக் காவலாளி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வட்டாரத்திலேயே வாசிப்பில் மட்டம் என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய பள்ளி. இன்றைக்கும் பிள்ளைகள் திணறினால் இழுத்து மூடி, அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். விடிந்ததும் கூலி வேலைக்கு ஓடுகிற பெற்றோர் பிள்ளையைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடவா போகிறார்கள்? பாதிப் பேர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது. தன் நாற்காலி போய்விடும் என்ற கவலை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பின்வரிசை என்றால் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவர்கள். அவர்களோடு ஒரு சிறுமியும் உண்டு. நன்றாகப் படிப்பாள், ஆனால் வெளியாளைக் கண்டால் வாயே திறக்க மாட்டாள். அதிகாரியின் கணக்கில் படிக்காதவளும் வாய் திறக்காதவளும் ஒன்றுதான் என்று தலைமையாசிரியர் அவளையும் இந்தக் கும்பலில் சேர்த்துவிட்டார்.

பள்ளியில் பூட்டுப் போட முடிகிற அறை ஒன்றே ஒன்றுதான். யார் பார்வையிட வந்தாலும் பின்வரிசை அங்கே போய்விடும். ஏழைப் பள்ளி என்றதும் உதவ வருகிறவர்களுக்கும், உதவியைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கும் இந்த வருஷம் குறைவே இல்லை. வகுப்பு ஆசிரியை மட்டும் "பாவம் சார்" என்று ஒவ்வொரு தடவையும் முனகுவாள். பெரிய ஜன்னல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, குடிக்கத் தண்ணீரும் வைத்தாயிற்று, வேறென்ன மாளிகையா கட்டிக் கொடுக்க முடியும் என்று அவர் அவள் வாயை அடைத்துவிடுவார்.

பிள்ளைகளும் அடம்பிடிப்பதில்லை. யார் முதலில் உள்ளே போவது என்று தள்ளுமுள்ளே நடந்தது. பாடம் இல்லையென்றால் இதுகளுக்குக் கொண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டே அவர் பூட்டைத் தொங்கவிட்டார்.

அதிகாரி அம்மா சிரிக்காத ரகம். வந்ததும் வராததுமாக, திட்டத்தில் கொடுத்த கதைப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டார்.

"பத்திரமா பூட்டி வச்சிருக்கேன் மேடம். ஒரு பக்கம்கூடக் கசங்கல. பசங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல கிழிச்சிருவாங்க."

பாராட்டை எதிர்பார்த்து நின்றார். கிடைக்கவில்லை.

முன்வரிசைச் சிறுமி எழுந்து பாடப்புத்தகத்தைப் பிரித்தாள். மழையில் நனைந்த முயலின் கதை. தண்ணீர் ஓடுவது போலப் படித்தாள். தலைமையாசிரியர் மூன்று மாதமாக அந்த ஒரு பக்கத்தைத்தான் வகுப்புக்கு ஊட்டியிருந்தார். அவருக்கே பெருமையில் கண் கலங்கியது.

"நல்லா படிச்சே. அடுத்த பக்கம் படி" என்றார் அதிகாரி.

சிறுமி பக்கத்தைப் புரட்டினாள். அதே குரலில், அதே வேகத்தில் மறுபடி முயலை நனைக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்துப் படத்தில் ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அடுத்தவனும் அதையே செய்தான், அதற்கடுத்தவளும் அதையே செய்தாள். தலைமையாசிரியர் அசடு வழிந்துகொண்டு நின்றார். முயல் ரொம்பப் பிடிக்கும் மேடம் என்று மெல்லச் சொல்லியும் பார்த்தார்.

அதிகாரியின் பார்வை வகுப்பின் கடைசிக்குப் போனது. காலி பெஞ்சு, அதன் மேல் வரிசையாகப் பைகள்.

"பை வந்திருக்கு. பிள்ளைங்க எங்க?"

காய்ச்சல் என்று சொல்லலாமா என்று யோசித்தார். பை மட்டும் வந்து, பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்குமா? ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாவோ அதற்குள் தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். பூட்டிய கதவின் முன் நின்று கையை நீட்டியபோது, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தார்.

கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அலமாரிகள் திறந்து கிடந்தன. தரையெங்கும் கதைப் புத்தகங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தலை கவிழ்ந்திருந்தது.

"யாருடா அதையெல்லாம் தொட்டது?" என்று பதறினார் தலைமையாசிரியர்.

அதிகாரி அவரைக் கையமர்த்தினார். கைபடாத புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து உருவி, மூலையில் இருந்தவனிடம் நீட்டினார். தலைமையாசிரியர் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்த பையன். விரலை வரிக்கு அடியில் வைத்து நிதானமாகப் படித்தான். ஒரு சொல்லில் தடுக்கினான், தானே திருத்திக்கொண்டான். பாதியில் நிறுத்தி, "இந்த ஓநாய் பொய் சொல்லுது மேடம். மாட்டிக்கும் பாருங்க" என்றான். ஆவலோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

தலைமையாசிரியருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் அதிகாரி. முதல் முறையாக அவர் குரல் இளகியிருந்தது.

பிள்ளைகள் எல்லாரும் வாய் திறக்காத அந்தச் சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"நான்தான் மேடம். உங்கள மாதிரி யாராவது வந்தா சார் எங்கள இங்க வச்சுப் பூட்டுவாரு. அப்படியே ரெண்டு அலமாரி முடிச்சிட்டோம். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கொஞ்சம் அடிக்கடி வாங்க மேடம்."