மூணு எண்ணிட்டுத்தான்

மானிட்டர் இல்லாத ஒரு கணினிக்குள் மென்பொருள்களுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பொத்தான்கள் ஒழுங்காக அமுங்கினால்தான் வெளியுலகுக்குப் போகலாம். திரையே இல்லாமல் பொத்தானை எங்கே அமுக்குவது? அதனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பொய்த்திரையைக் கட்டிக்கொள்ளும்.

சதுரங்கம் என்ற மென்பொருளுக்கு அந்த வேலை தெரியாது. பக்கத்திலிருந்த நாள்காட்டி மென்பொருளைப் பார்த்து அப்படியே செய்தது. தொண்ணூற்றொன்பதாம் எண் இடத்தில் திரையைக் கட்டி, அது எழுந்து நிற்கட்டும் என்று மூன்று எண்ணிவிட்டுப் பரீட்சையைத் தொடங்க வேண்டியது. இரண்டும் ஒரே இடத்தில் கட்டப் போய் முட்டிக்கொண்டன. இரண்டும் ஃபெயில். இனி ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

அப்போது திரைக்காரன் என்றொரு சின்ன நிரல் வந்தது. "உங்க பேரை மட்டும் சொல்லுங்க. காலி இடம் பார்த்துத் திரையைக் கட்டுறதும் அவுக்குறதும் என் பாடு."

நாள்காட்டி பேரைச் சொன்ன மாத்திரத்தில் திரை எழுந்தது. ஆனால் நாள்காட்டி பரீட்சையைத் தொடங்காமல் நின்றது.

"திரைதான் தயாரா இருக்கே, ஆரம்பிங்கண்ணே!" என்றான் திரைக்காரன்.

"சும்மா இருப்பா. மூணு எண்ணணும்."

"எதுக்கு?"

"எனக்கு முன்னாடி கடிகாரம் எண்ணுச்சு. பாஸாச்சு."

எண்ணியது. பாஸும் ஆனது.

சதுரங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து அதன் முறை. பேரைச் சொன்னதும் புத்தம்புதுத் திரை கண்ணெதிரே வந்து நின்றது. சதுரங்கம் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டது. பிறகு உதடு அசையாமல் எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு.