ஆமி கழித்த தோட்டா

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே அண்ணை நாட்டை விட்டே ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?"

மகேந்திரராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹம் நகரத்துக்கு வெளியே, சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஜேர்மன்காரரின் துப்பாக்கிக் கழகத்தில் ஒரு தமிழ் முகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அதுவும் தபோதரன். ஹம்மில் தமிழ்க்கடை வைத்திருப்பவர். அவர் காதில் ஒரு விசயம் விழுந்தால், கத்தரிக்காயோடு சேர்த்து அதையும் ஊருக்கெல்லாம் நிறுத்துக் கொடுத்துவிடுவார்.

"சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான். மனசை ஒருநிலைப்படுத்த நல்லதெண்டு டொக்டர் சொன்னவர். நீர் என்ன இந்தப் பக்கம்?"

"எனக்குச் சின்ன வயசில இருந்தே வேட்டையில விருப்பம் அண்ணை."

கோழி உரிப்பதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் இவர். மகேந்திரராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவர் கதையைக் கிளறினால் தன் கதையும் கிளறப்படும்.

எழுத்துத் தேர்வு காலையிலேயே இரண்டு தனித்தனி அறைகளில் நடந்து முடிந்துவிட்டது. இனி வாய்மொழித் தேர்வு, ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். தேறினால் இன்றே கழகத்தில் உறுப்பினர். தவறினால் அடுத்த தேர்வு மாசியில்தான். அதற்காகவே மகேந்திரராஜா மூன்று மாதமாக வேலையால் வந்து, களைப்பையும் பாராமல், புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். "பாஸ் பண்ணாமல் வீட்டை வராதேங்கோ. மாசி வரைக்கும் பொறுக்க ஏலாது" என்று மனைவி பிறேமா காலையில் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தபடியே சொல்லியிருந்தாள்.

தபோதரன் எழுந்து, கழகத்து மண்டபத்தின் கண்ணாடிக் கதவால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெரிய இடம் என்ன அண்ணை?"

"ஓம். நடுவில ஒரு தூண்கூட மறைக்காது."

"குறி பாக்க வசதி."

"வசதிதான்."

சுடும் இடம் பின்பக்கத்து நிலவறையில் இருப்பதை இரண்டு பேருமே அந்த நேரம் மறந்துபோனார்கள்.

தபோதரன் திரும்பி வந்து நெருங்கி உட்கார்ந்தார். "அண்ணை, மற்றதெல்லாம் பரவாயில்லை. அந்த ஆமித் தோட்டாக் கேள்விதான் எனக்குப் பிடிபடேல்லை. வாய்மொழியில கழகத் தலைவர் அதைத்தான் கேப்பாராம்."

கேட்டால் சொல்லிக்கொடுக்காமல் இருக்க மகேந்திரராஜாவால் முடியாது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது.

"ஆமி கழிச்சுவிட்ட பழைய தோட்டா மலிவா வரும். அதில ஒண்டை மேசையில வைப்பார். பக்கத்தில ரெண்டு துவக்கு. ஒண்டு ஆமித் துவக்கு, மற்றது அதைவிடப் பழைய வேட்டைத் துவக்கு. தோட்டா ரெண்டுக்குள்ளயும் போகும். ரெண்டிலயும் சுடலாமோ எண்டு கேப்பார்."

"உள்ள போனால் சுடலாம்தானே?"

"அங்கதான் எல்லாரும் விழுறது. வேட்டைத் துவக்கின்ர குழல் ஒரு மயிரளவு ஒடுக்கம். சுட்டால் குழல் வெடிச்சு முகம் போயிடும். குழலில அடிச்ச முத்திரையும் தோட்டாப் பெட்டியில போட்ட பேரும் ஒண்டுதானோ எண்டு பாத்த பிறகுதான் தொடவேணும். நான் நட்டும் போல்டும் செய்யிற இடத்தில இருபத்திரண்டு வருசமா நிக்கிறன். உள்ள போனதெல்லாம் பொருந்தினது எண்டு இல்லை."

தபோதரன் விழித்தார்.

"விளங்கேல்லையோ? வாசலால உள்ள வாறவன் எல்லாம் மருமகனோ? சாதகம் பாக்காமல் பொம்பிளை குடுப்பமோ? அந்த முத்திரைதான் சாதகம்."

தபோதரன் தொடையில் தட்டிச் சிரித்தார். "இனிச் செத்தாலும் மறக்கமாட்டன். அண்ணை, குறை நினைக்காதேங்கோ, கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான். நான் முதல் போகட்டே?"

"போம், போம். எனக்கென்ன அவசரம்."

கால் மணி நேரத்தில் தபோதரன் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். "பாஸ் அண்ணை. உங்கட மருமகன்தான் கரை சேத்தவன்." சொன்னபடியே கார்ப் பக்கம் நடந்தார். மகேந்திரராஜாவுக்கும் உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. ஒரு தமிழனைக் கைதூக்கிவிட்டோமே.

உள்ளே கழகத் தலைவர் பிறிங்மான் இருந்தார். மேசையில் சொல்லிவைத்த மாதிரி ஒரு பழைய தோட்டா, இரண்டு துவக்கு, அதே கேள்வி. மகேந்திரராஜா ஒடுங்கிய குழலைச் சொன்னார், முத்திரையைக் காட்டினார், கடைசியில் மருமகனையும் ஜேர்மன் மொழியில் அவிழ்த்துவிட்டார். பிறிங்மான் சிரித்தார். ஆனால் எதிர்பார்த்த அளவுக்குச் சிரிக்கவில்லை.

"வாழ்த்துகள், இன்றிலிருந்து நீங்கள் எங்கள் உறுப்பினர். முதலில் என்ன துப்பாக்கி வாங்கப்போகிறீர்கள்?"

"துப்பாக்கி வேண்டாம்." மகேந்திரராஜா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த விண்ணப்பத்தை எடுத்து, நீவி மேசையில் வைத்தார். "உறுப்பினர் கேட்டால் மண்டபத்தை முதலில் அவருக்குத்தான் தருவீர்களாமே. ஓகஸ்ட் இருபத்திரண்டு, சனிக்கிழமை. என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஐயர் பார்த்துச் சொன்ன நல்ல நாள் அது ஒன்றுதான்."

பிறிங்மான் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பத்து நிமிடம் பிந்திவிட்டீர்களே. இதே மருமகன் கதையைச் சொன்ன உங்கள் நண்பரும் துப்பாக்கி வேண்டாம் என்றுதான் சொன்னார். அவருடைய மகளுக்கும் நல்ல நாள் அது ஒன்றுதானாம்."