காலி வேன்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷத்திலும் போனக்காடு எஸ்டேட்டின் பழைய வேனுக்குப் பின்சக்கரங்களில் மட்டும்தான் பிரேக் இருந்தது. மலை இறக்கத்தில் அது நிற்பதற்குள் டிரைவர் யோசுவாவுக்கு உயிர் போய்த் திரும்பும். கடைசியில் வித்துராவிலிருந்து மெக்கானிக் தங்கப்பன் வந்து முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தினார். தேயிலைக் கிடங்கின் முன்னால் சமதரையில் ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்த இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை இருவரும் காலி வேனை மலையிலிருந்து இறக்கினார்கள். முதல் வளைவு வந்ததும் யோசுவா பிரேக்கை மிதித்தார். வேகம் குறையவில்லை.

"எடே தங்கப்பா, பிடிக்கல்லியே!"

"பிடிக்குது அண்ணே, பாரம்தான் தள்ளுது. பின்னால என்னத்த ஏத்தினீங்க?"

"ஒண்ணும் ஏத்தல்ல. காலி வண்டியாக்கும்!"

தங்கப்பன் திரும்பிப் பார்த்தார். வெறும் பலகைதான் தெரிந்தது. பிரேக் லைனிங் கருகும் வாசனை வந்தது. யோசுவா பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்தார். பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வேன் நின்றது.

யோசுவா என்ஜினை அணைத்தார். அப்போது பின்பக்க ஸ்பிரிங் முனகியது. யாரோ இறங்கியதுபோல வேனின் பின்பகுதி கொஞ்சம் எழும்பியது. பிறகு மறுபடி எழும்பியது. பிறகு மறுபடி. ரோட்டில் யாரும் இல்லை.

"போலாமாடே?" என்று யோசுவா கேட்டார்.

வேனின் இடது பக்கம் மட்டும் இன்னும் தாழ்ந்தே இருந்தது. தங்கப்பன் அவர் கையை இறுகப் பிடித்தார்.

"இரிங்க அண்ணே. இன்னும் ஒரு ஆளு எறங்கல்ல."