கடைசி நிமிட இருட்டு

ஆபரேட்டர் கலந்தரின் வேலை போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கலந்தர் மாத்தளை டவுன் தியேட்டரில் படம் ஓட்டுபவர். அந்த வாரம் ஓடியது ஒரு கறுப்பு வெள்ளை மர்மப் படம். மனைவியைச் சந்தேகிக்கும் கணவனின் கதை. பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவதற்காகத் திங்களும் வியாழனும் பகல் மேட்னி ஷோ பார்த்தேன்.

வீட்டில் மனைவி ஸைனம்பு இருந்தாள். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம்.

"'அந்தப் பெண்ணின் முகத்தில் எப்போதும் பாதி வெளிச்சம்தான். சன்னல் கம்பிகளின் நிழல் அவள் மேல் விழுகிறது. அவளைச் சிறை வைத்திருப்பது கணவனின் கண்கள்.' எப்படி?"

"நல்லா இருக்குங்க. என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்களேன்."

"தியேட்டரெல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்குச் சரிவராது. எத்தனை தரம் சொல்றது?"

அவள் தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். நான் மேலே படித்தேன்.

"'முடிவில் திரை ஒரு நிமிடம் முழுதாக இருண்டுவிடுகிறது. இசை மட்டும் ஒலிக்கிறது. கணவனின் மன இருட்டை இதைவிட எப்படிக் காட்ட முடியும்?'"

ஸைனம்புவுக்குப் புரையேறியது.

மறுநாள் பேக்கரியில் என் கூட்டாளி இத்ரூஸிடம் அந்த இருட்டைப் புகழ்ந்தேன்.

"என்ன இருட்டு? நான் புதன்கிழமை பார்த்தேன். அப்படி ஒண்ணும் வரல்லையே."

"தூங்கியிருப்பே."

"நான் தூங்கினா பக்கத்துல ஒருத்தனுக்கும் படம் பார்க்க ஏலாது மச்சான். என்ட கொறட்டை அப்படி."

சந்தேகம் வந்துவிட்டது. சனிக்கிழமை மூன்றாம் முறையும் போனேன். திரை இருண்டதும் திரும்பிப் பார்த்தேன்.

ஆபரேட்டர் அறையின் சின்ன ஓட்டையை ஒரு கை மறைத்திருந்தது. வெளிச்சத்தில் விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. அதே நேரம் பெண்கள் பக்கத்துக் கதவு திறந்தது. வெயில் கீற்றில் ஒரு முக்காடு தெரிந்து மறைந்தது.

என் கட்டுரையின் உயிரே அந்த இருட்டுத்தான். அதைக் கலந்தர் ஒரு களவுக்காகக் கையால் உண்டாக்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த கையோடு தியேட்டர் முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். ஸைனம்பு தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுக்கு லேசாக மூச்சு வாங்கியது.

"கேளு. 'உங்கள் ஆபரேட்டர் யாரோ ஒரு பெண்ணைக் களவாக வெளியே அனுப்புவதற்காகப் படத்தை மறைக்கிறார். அவரை உடனே நிறுத்த வேண்டும்.'"

"இதை அனுப்பினா அந்த மனுஷன்ட வேலை போயிடுமே. அஞ்சு புள்ளைங்க."

"போகட்டும். அவள் யாரோட பொண்டாட்டியோ. புருஷன் பாவம், ஒண்ணும் தெரியாம இருக்கான்."

 ஸைனம்பு கடிதத்தை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கலந்தர் நானா எனக்கு அண்ணன் மாதிரி, அவர் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. கடைசியில திரையை மறைக்கச் சொல்லி நான்தான் கெஞ்சிக் கேட்டேன். படம் தொடங்கினதும் இருட்டுல உள்ளே வந்துடுவேன். முடிஞ்சு லைட் போட்டா நீங்க பார்த்துடுவீங்களே. உங்களுக்கு முந்தி வந்து தேத்தண்ணியும் வைக்கணும்."

 "நான் போற நாளாப் பார்த்தா வந்தே?" என்று கேட்டேன்.

"நீங்க தியேட்டர்ல இருக்கிற நாள்லதானே எனக்கு வீட்டை விட்டு வெளியே வர ஏலும்?"