சந்தேகம் கேட்டவர்கள்

"சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றது வகுப்புத் திரை. யாரும் வாய் திறக்கவில்லை. எச்.ஐ.வி. பாடத்தில் யார் எதைக் கேட்டாலும் அந்த நொடியே வீட்டுக்குச் செய்தி போய்விடும். போனில் தேடினாலும் அதே கதிதான்.

வானதி விரல் விட்டு நாளை எண்ணினாள். கிருமி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை, உறவு நடந்த மூன்று நாளைக்குள் ஆரம்பிக்க வேண்டுமாம். எங்கே கிடைக்கும் என்று திரை சொல்லவில்லை. முந்தாநாள் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கேட்டால் அப்பா கொன்றே போடுவார்.

அவள் மறுபடி மறுபடி விரல் விட்டு எண்ணுவதைப் பக்கத்தில் இருந்த நஸ்ரின் பார்த்தாள். விருட்டென்று எழுந்தாள்.

"அந்த மாத்திரை எங்க கிடைக்கும்?"

"அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில். எந்த நேரமும்" என்றது திரை.

சொல்லி முடிப்பதற்குள் நஸ்ரினின் போன் அலறியது. அவள் அம்மா. வகுப்பே நஸ்ரினை வெறித்தது. கடைசி பெஞ்சிலிருந்து முத்துவேல் எழுந்து அதே கேள்வியைக் கேட்டான். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும். அறை முழுக்கப் போன்கள் அலறின.

வானதி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவள் போன் மட்டும் அடிக்கவே இல்லை.

ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.