ஆலிவ் எண்ணெயின் முதல் வாரம்

சமையலறை அலமாரிக்குப் புதிதாக வந்த ஆலிவ் எண்ணெய் பாட்டிலுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, எங்க ஊர்க் கடற்கரையில தொப்பையே கிடையாது! ஒரே வாரத்துல நம்ம மாசிலாமணி சாரைக் குச்சி மாதிரி ஆக்கிடறேன் பாருங்க!"

'என் வேலை போச்சா?' நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் பகீரென்றது.

மறுநாள் காலை மாசிலாமணி மிளகாய்ப்பொடியின் நடுவில் குழி போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றினார். "டயட் எண்ணெய்தானே செண்பகம், இன்னும் நாலு இட்லி வை!" சாயங்காலம் அதே எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி பொரிந்தது.

ஏழாம் நாள் எடை பார்க்கும் மெஷின், "ஐயோ, இறங்குங்க சார்!" என்று அலறியது.

அடியில் ஒரு சொட்டு மட்டும் மிஞ்சியிருந்த ஆலிவ் பாட்டில் முனகியது. "அக்கா, இந்த வீட்டுல யாருமே இளைக்கலையா?"

நல்லெண்ணெய் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"ஏன், நீ இளைச்சிருக்கியே!"